நாய் கடித்தால் நட்டஈடு கேட்கலாமா?

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது.)

 

நான் சட்டத்தரணி அல்ல. ஊரில் ஏ.எல். வரை படித்துவிட்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை செய்கிறவன். "தம்பி, உமக்கு நடந்ததையும் நீர் அலைஞ்சு அறிஞ்சதையும் வந்து சொல்லும், நாலு பேருக்கு உதவும்" என்று தலைவர் கேட்டபடியால்தான் இந்த மைக்குக்கு முன்னால் நிற்கிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய சட்டம். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு. அங்கே இருக்கும் உறவினர்களுக்கு இதை அப்படியே சொல்லி விடாதீர்கள்.

எங்கட ஆக்களில் நாய் கடித்தவர்கள் குறைவில்லை. வீடு வீடாக லீஃப்லெற் போடப் போனவர்கள், சாப்பாட்டுப் பொதி கொண்டு போனவர்கள், பார்க்கில் பந்து அடித்த பிள்ளைகள். எனக்குத் தெரிந்த இவர்களில் ஒருவர்கூட நட்டஈடு கேட்டது கிடையாது. ஏன் என்று கேட்டால் மூன்று பதில் வரும். ஒன்று, "நாய் கடிச்சா நாங்களும் திருப்பிக் கடிக்கிறதோ?" இரண்டு, "பொலிஸ், கோடு எண்டு போய் விசாவிலை கை வைச்சிடுவாங்கள்." மூன்று, "பக்கத்து வீட்டுக்காரனோடை எதுக்குப் பகை?"

இந்த மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சு.

முதலில் எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு வேலை முடிந்து விடியப்புறம் பஸ்சால் இறங்கி நடந்து வந்தேன். ஒரு வீட்டுப் படலை திறந்து கிடந்தது. அதற்குள்ளால் ஒரு பெரிய நாய் ஓடி வந்து நடைபாதையில் வைத்தே எனது வலது கையைக் கவ்வியது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பல் ஆழமாக இறங்கி விட்டது. சொந்தக்காரர் ஓடி வந்து நாயை இழுத்து, "இது ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை" என்றார். நான் கையில் இரத்தம் வடிய வடிய, அவருடைய பெயரையும் வீட்டு இலக்கத்தையும் கேட்டு போனில் பதிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி, ஏற்பு ஊசி போட்டு, கிருமி கொல்லி மாத்திரை தந்தார்கள். மூன்றாம் நாள் கை வீங்கி, சத்திரசிகிச்சை செய்து துப்புரவாக்க வேண்டி வந்தது. ஆறு கிழமை வேலை இல்லை. நோய் விடுப்புக்கு வரும் பணம் வாடகைக்கே போதாது. பெட்டி மடிக்கிறவனுக்கு வலது கைப் பெருவிரல் மடங்காவிட்டால் அவன் என்ன செய்வான்?

இனி முதலாவது பதிலுக்கு வருகிறேன். திருப்பிக் கடிக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. நாய்க்குச் சட்டம் தெரியாது, சங்கிலி பிடித்திருக்க வேண்டிய மனிதனுக்குத் தெரிய வேண்டும். போன சம்பளத்தையும், பட்ட நோவையும், உடம்பில் நின்றுவிட்ட தழும்பையும் அவரிடம் கணக்குக் கேட்பதுதான் நட்டஈடு. இது பிச்சையும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் நாய் கடித்த உடனேயே காசு கிடைக்கும் என்று ஒரு கதை எங்கட சனத்துக்குள் உலாவுகிறது. அது சரியல்ல. 1971 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சிங்கம், புலி போன்ற ஆபத்தான இனங்களை வைத்திருப்பவர், அவை செய்த சேதத்துக்குத் தன்னில் பிழை இல்லாவிட்டாலும் பொறுப்பு. நாய் அந்த வகையில் சேராது. நாய் விஷயத்தில் மூன்று காரியங்களைக் காட்ட வேண்டும். முதலாவது, அந்த நாயைக் கட்டுப்படுத்தாவிட்டால் இப்படிப்பட்ட காயம் வரக்கூடும், அல்லது வந்தால் அது கடுமையாக இருக்கக்கூடும் என்பது. இரண்டாவது, அது நாய்களில் பொதுவாகக் காணாத ஒரு குணத்தால், அல்லது குறிப்பிட்ட வேளைகளில், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும் நாய்களில் காணப்படும் குணத்தால் வந்தது என்பது. மூன்றாவது, அந்தக் குணம் நாயை வைத்திருப்பவருக்குத் தெரிந்திருந்தது என்பது.

இந்த மூன்றாவதில்தான் எல்லா வழக்கும் தடக்குப்படும். "எனக்குத் தெரியாது, இது முதற் கடி" என்பதுதான் எல்லாச் சொந்தக்காரரும் சொல்லும் பதில். ஆனால் முதற் கடி என்றால் தப்பலாம் என்பதும் சரியல்ல. 1990 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. பத்து வயதுப் பையன் ஒருவனை, வாகனத்தில் ஏற்றப்பட்டுக் கொண்டிருந்த புல்மாஸ்ரிஃப் நாய் ஒன்று பாய்ந்து கடித்தது. அந்தப் பையனுக்கு அந்த நாயை முந்தியே தெரியும். தன் எல்லைக்குள் ஒருவர் வந்துவிட்டார் என்று நினைக்கும்போது மட்டும் அந்த நாய் மூர்க்கம் கொள்ளும், அது சொந்தக்காரருக்கும் தெரியும் என்று கண்டு நீதிமன்றம் பையனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆகவே மற்ற நேரம் சாதுவான நாய் என்பது மட்டும் தப்புவதற்குப் போதாது.

இந்தச் சட்டத்தை விட, கவனக்குறைவு என்ற பொதுவான வழியும் இருக்கிறது. படலையைத் திறந்து விட்டது, சங்கிலி இல்லாமல் விட்டது போன்றவை அதற்குள் வரும். சொலிசிற்றர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள்.

எதிர்ப்பக்கம் சொல்லக்கூடியவையும் உண்டு. முழுப் பிழையும் கடிபட்டவருடையது என்றால், அல்லது அபாயத்தைத் தெரிந்துகொண்டே தானாக ஏற்றார் என்றால், இந்தச் சட்டப்படி பொறுப்பு இல்லை. களவாக வளவுக்குள் நுழைந்தவருக்கும் வழக்கு கடினம். ஆனால் கடிதம் போடவோ பொதி கொடுக்கவோ வாசற்படிக்கு வருகிறவர் களவாக நுழைந்தவர் ஆக மாட்டார். நாயை வைத்திருப்பவர் என்றால் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதைக் கையில் வைத்திருப்பவரும்தான். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை நாயின் சொந்தக்காரர் என்றால் அந்த வீட்டுத் தலைவரும் பொறுப்பு. "அது என்ரை மகன்ரை நாய்" என்று கை கழுவ ஏலாது.

எனது விஷயத்தில் இன்சூரன்ஸ் கம்பனியின் முதற் கடிதம் பொறுப்பை மறுத்துத்தான் வந்தது. நாயின் குணம் பற்றிச் சொந்தக்காரருக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். அதை மாற்றியது இரண்டு சாட்சிகள். அந்தத் தெருவுக்குப் பொதி கொண்டு வருகிற ஒரு பொடியன், அதே படலையில் அதே நாய் தன்மேல் பாய்ந்ததையும், சொந்தக்காரர் கண்டு மன்னிப்புக் கேட்டதையும் எழுதித் தந்தான். எதிர் வீட்டு வெள்ளைக்கார அம்மா தான் கவுன்சிலுக்கு முறைப்பாடு செய்த திகதியைச் சொன்னார். "எனக்குத் தெரியாது" என்பது அதோடு உடைந்தது. நீதிமன்றப் படி ஏறாமல் பதினாலாம் மாதம் தீர்ந்தது. தொகையை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்குச் சீட்டுப் பிடிக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து விடுவார்கள்.

ஆகவே சகோதரர்களே, வழக்கின் உயிர் கடி விழுந்த அந்தக் கிழமையில்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எழும்பிச் சாட்சி தேடினால் பொதிக்காரப் பொடியன் வேறு வேலைக்குப் போயிருப்பான், புண் ஆறியிருக்கும், நாயும் வீடு மாறியிருக்கும். அந்தக் கிழமையில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், பற்பசை ஒன்றும் அப்ப வேண்டாம். கையில் ஆழமாகப் பல் பட்டால் வெளியில் சின்னத் துவாரம்தான் தெரியும், உள்ளே கிருமி இறங்கி விடும். அதனால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஊரில் போல விசர்நாய்ப் பயம் இங்கே வேண்டாம். இந்த நாட்டு நாய்களில் அந்த நோய் இல்லை. ஆனால் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போய் நிற்கும்போது நாய் கடித்தால் கதையே வேறு. சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தப் பழைய ஊசிக் காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், பயந்து தவிர்க்காதீர்கள்.

வைத்தியரிடம் போவது வழக்குக்கும் தேவை. "நாய் கடித்தது, இன்ன இடத்தில், இன்ன நேரம்" என்று அவர் எழுதும் குறிப்புத்தான் முதற் சாட்சி. காசு கேட்பார்களோ என்ற பயம் வேண்டாம். விபத்து, அவசர சிகிச்சைப் பகுதியில் பார்ப்பதும் ஜி.பி. பார்ப்பதும் எல்லோருக்கும் இலவசம். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கும், அதற்கு விண்ணப்பித்து முடிவுக்காக இருப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் சிகிச்சையும் இலவசம்.

இரண்டாவது, நாயின் ஆளை அறிவது. பெயர், விலாசம், தெருவில் என்றால் வாகன இலக்கம். பொது இடத்தில் நாயின் கழுத்துப் பட்டியில் சொந்தக்காரரின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்று 1992 ஆம் ஆண்டின் கட்டளை சொல்கிறது. 2016 ஏப்ரலில் இருந்து இங்கிலாந்தில் நாய்களுக்கு மைக்ரோசிப்பும் கட்டாயம். ஆனால் சிப்பை நீங்கள் வாசிக்க முடியாது, பொலிசோ கவுன்சிலோதான் பார்க்கலாம்.

மூன்றாவது, படம். புண்ணை அன்றும், பிறகு கிழமைக்கு ஒருக்காலும் எடுங்கள். கிழிந்த உடுப்பை எறியவோ கழுவவோ வேண்டாம். திறந்த படலை, உடைந்த வேலி என்பவற்றையும் எடுங்கள்.

நான்காவது, சாட்சி. கண்டவர், அந்த நாயால் முந்திக் கரைச்சல் பட்டவர், தபால்காரர், பக்கத்து வீட்டார். பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும்.

ஐந்தாவது, அறிவிப்பது. பொலிசுக்கு 101, ஆபத்து நடந்துகொண்டிருந்தால் 999. கவுன்சிலில் நாய்களைக் கவனிக்கும் பகுதிக்கும் சொல்லலாம். இலக்கம் தருவார்கள், எழுதி வையுங்கள்.

ஆறாவது, ஒரு கொப்பி. சம்பளச் சீட்டு, மருந்து, பஸ், ராக்சி ரசீது எல்லாம் அதற்குள். கையால் சமைக்க ஏலாமல் போன நாள், பிள்ளையைத் தூக்க ஏலாமல் போன நாள், நித்திரை இல்லாத இரவு என்று திகதி போட்டு எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை.

வேலை செய்யும்போது கடித்தால் முதலாளிக்கும் உடனே எழுத்தில் அறிவியுங்கள். வேலையாட்களை வைத்திருப்பவர் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று 1969 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. கடிநாய் இருக்கும் வீடு என்று தெரிந்தும் எச்சரிக்காமல் அனுப்பினால் முதலாளியும் பொறுப்பாகக் கூடும். லீஃப்லெற் போடுகிறவர்கள் கவனியுங்கள்: லெற்றர் பொக்சுக்குள்ளால் விரல் கடிபட்டாலும், சொந்தக்காரர் வீட்டில் இல்லாவிட்டாலும், அவர் குற்றவாளியாகலாம் என்று றோயல் மெயில் கொண்டு வந்த வழக்கில் 2020 இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

இப்போது காசு எங்கிருந்து வரும் என்பதைப் பார்ப்போம். நாய்க்கு எடுத்த இன்சூரன்சில், சில வேளை வீட்டு இன்சூரன்சில், மற்றவருக்கு வரும் காயத்துக்கும் காப்பு இருக்கும். பெரும்பாலான நாய்களுக்கு அப்படி இன்சூரன்ஸ் எடுப்பது சட்டப்படி கட்டாயம் இல்லை. சொந்தக்காரரிடம் இன்சூரன்சும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் வழக்கில் வென்றாலும் தீர்ப்புக் கடதாசிதான் மிஞ்சும். அதனால் சொலிசிற்றர் முதலில் விசாரிப்பது இதைத்தான். இதிலேயே மூன்றாவது பதிலுக்கும் விடை இருக்கிறது. இன்சூரன்ஸ் இருந்தால் நட்டஈட்டைக் கொடுப்பது கம்பனி, பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. "நாயைக் கொண்டு போடுவாங்களே, பாவம்" என்று சில அம்மாமார் கேட்கிறார்கள். நட்டஈட்டு வழக்கில் நாயைக் கொல்லும்படி உத்தரவிட மாட்டார்கள். அந்த அதிகாரம் குற்ற நீதிமன்றத்துக்கும், 1871 ஆம் ஆண்டின் பழைய நாய்கள் சட்டப்படி விசாரிக்கும் மஜிஸ்திரேற் நீதிமன்றத்துக்கும் உரியது. அங்கேகூட நாயைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்லி மட்டும் கட்டளையிடலாம்.

குற்ற வழக்கு என்பது தனி. 1991 ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டப்படி நாயைக் கட்டுப்பாடில்லாமல் விடுவது குற்றம். முன்பு இது பொது இடங்களுக்கே பொருந்தியது. 2014 மே மாதத்தில் இருந்து தனியார் வீடு, வளவுக்கும் பொருந்துகிறது. அந்த வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டால் நீதிமன்றமே நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். குற்றச்செயலால் காயப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் திட்டத்தை நம்பி இருக்க வேண்டாம். 2012 ஆம் ஆண்டின் திட்டப்படி, ஒருவர் காயப்படுத்தவென்றே நாயை ஏவிவிட்டால்தான் அதில் கிடைக்கும்.

சொலிசிற்றருக்குக் காசு? "வென்றால் மட்டும் கூலி" என்ற ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். வென்றால் உங்கள் பணத்தில் இருந்து அவர் எடுக்கும் வெற்றிக் கூலி, பட்ட நோவுக்கும் அதுவரை போன நட்டத்துக்கும் கிடைத்த தொகையின் 25 வீதத்துக்கு மேற்படக் கூடாது. இன்சூரன்ஸ் கட்டணம் என்று இன்னொன்றும் கழிக்கக் கூடும். எல்லாவற்றையும் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள். தோற்றாலும், நேர்மையாக நடந்திருந்தால், மற்றப் பக்கத்தின் செலவை நீங்கள் பொதுவாகக் கட்ட வேண்டியதில்லை. 2013 இல் வந்த விதி அது. நோவுக்கும் காயத்துக்குமான தொகை 1,500 பவுணுக்கு மேற்படாத சின்னக் காயம் என்றால் சிறு வழக்குப் பகுதிக்குள் போகும். அதில் சொலிசிற்றர் செலவு எதிர்ப்பக்கத்திடம் கிடைக்காதபடியால் அவர்கள் எடுக்கத் தயங்குவார்கள். அதைத் தானே எழுதிப் போடலாம். எங்கட சங்கத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நேர்மை என்று சொன்னேன். அதில் விளையாட வேண்டாம். ஆறு கிழமை வேலை போனால் ஆறு கிழமைதான். "கொஞ்சம் கூட்டிப் போடு" என்று சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 2015 ஆம் ஆண்டின் சட்டப்படி, அடிப்படையில் பொய் சொன்னார் என்று கண்டால் உண்மையான பகுதியையும் சேர்த்து முழு வழக்கையும் தள்ளி விடலாம்.

காலம் மூன்று வருஷம். பிள்ளைகளுக்கு அந்த மூன்று வருஷம் 18 வயதில்தான் தொடங்கும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கட ஆக்களில் ஒரு குடும்பம் இருக்கிறது. மகளுக்கு ஐந்து வயதில் பக்கத்து வீட்டு நாய் கன்னத்தைக் கடித்தது. பகை வேண்டாம் என்று பேசாமல் இருந்தார்கள். இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கும் நாளில் மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டுகிறாளாம். அந்தத் தாயிடம் நான் சொன்னது: "அக்கா, காலம் இன்னும் போகேல்லை. ஆஸ்பத்திரிக் குறிப்பு அங்கேயே இருக்கு, கேட்டு எடுங்கோ." பிள்ளைக்காகத் தாயோ தகப்பனோ வழக்கை நடத்தலாம். முடிவான தொகை பிள்ளைக்குப் போதுமா என்று நீதிபதி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பணத்தைப் பெரும்பாலும் நீதிமன்றம் 18 வயது வரை பாதுகாத்துப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கும். பெற்றோர் எடுத்துச் செலவழிக்க ஏலாது. அது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியாக இரண்டாவது பதில், விசாப் பயம். இது சிரிக்கிற விஷயம் இல்லை. சீருடையைக் கண்டால் ஒதுங்கி நடந்து பழகிய சனம் நாங்கள். ஆனால் நட்டஈட்டுச் சட்டம் கடிபட்டவரின் விசாவைக் கேட்பதில்லை. அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக இருப்பவர் நட்டஈடு கேட்பது அந்த விண்ணப்பத்துக்குக் குறை ஆகாது. நாட்டில் இருக்க அனுமதியே இல்லாதவர் மட்டும் அவதானமாக இருக்க வேண்டும். பொலிசுக்குக் கொடுத்த விபரம் ஹோம் ஒபிசுக்குப் போகக் கூடும். அவர் முதலில் குடிவரவு சொலிசிற்றரிடம் கேட்க வேண்டும். வேலை செய்ய அனுமதி இல்லாதவர் சம்பள இழப்பைக் கேட்பதும் சிக்கல். ஆனால் அவரின் நோவும் தழும்பும் மற்ற எவருடையதையும் போலத்தான். அரசாங்க உதவிப் பணத்தில் இருப்பவர்கள் தொகை வந்தால் அறிவிக்க வேணும். யுனிவேர்சல் கிரெடிற்றில் உள்ளவருக்கு, காயத்துக்காக வந்த நட்டஈட்டை முதல் ஒரு வருஷம் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகும் காக்க ஒரு நம்பிக்கைப் பொறுப்பு ஏற்பாடு உண்டு. சொலிசிற்றரிடம் முதலே கேளுங்கள்.

பெரியோர்களே, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று எங்கட ஊரில் சொல்வார்கள். இந்த நாட்டில் அழுதால் மட்டும் போதாது, திகதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு அழ வேண்டும். வரி கட்டுகிறோம், இரவு பகலாக உழைக்கிறோம், எங்கட கையும் காலும்தான் எங்களுக்கு இங்கே இருக்கிற முதல். அதற்குச் சேதம் வந்தால் "போனால் போகட்டும்" என்று சொல்வது பெருந்தன்மை அல்ல. ஆருக்காவது இப்படி நடந்தால் சனிக்கிழமைகளில் நான் சங்கத்தில்தான் நிற்பேன். கடிதம் வாசிக்கவும், கூட வந்து கதைக்கவும் என்னால் முடியும். கையை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம்.